மாரியட் வாயிலில் இறந்தவர்கள் யார்?

கேள்வி: 2008-இல் இஸ்லாமாபாத் மாரியட் ஹோட்டலில் நடந்த குண்டுவெடிப்பை நினைவுகூர்ந்து சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். சந்தையிலும் தொழிற்சாலையிலும் குண்டு வெடித்துச் சாகிற ஏழைகளுக்கு நீங்கள் ஒரு பத்திகூட ஒதுக்குவதில்லை. ஒரு வேளை உணவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் செல்வந்தர்களும் தூதர்களும் இறந்தால் மட்டும் ஏன் இத்தனை துக்கம்? அமெரிக்கப் பெயர் தாங்கிய ஹோட்டல் என்பதால் அதைத் தாக்கினார்கள். அவ்வளவு காவல் இருந்தும் தடுக்க முடியவில்லை. இதில் நாம் வருந்துவதற்கு என்ன இருக்கிறது?
— வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தில் நியாயமான குறை ஒன்று இருக்கிறது. அதை மறுக்கப்போவதில்லை, கடைசியில் அதற்கு வருகிறேன். ஆனால் அந்தக் குறையைச் சொல்வதற்காக, இறந்துபோனவர்கள் யார் என்பதையே நீங்கள் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தாமல் மேலே செல்ல முடியாது.

2008 செப்டம்பர் 20 ஒரு சனிக்கிழமை, ரமலான் மாதம். புதிதாகப் பதவியேற்றிருந்த அதிபர் ஆசிஃப் அலி சர்தாரி நாடாளுமன்றத்தின் கூட்டு அமர்வில் தமது முதல் உரையை ஆற்றிச் சில மணி நேரமே ஆகியிருந்தது. நோன்பு திறந்த பிறகு குடும்பம் குடும்பமாக மக்கள் அந்த ஹோட்டலின் உணவுக்கூடங்களில் அமர்ந்திருந்தார்கள். அவர்களை அழைத்துவந்த ஓட்டுநர்கள் வெளியே வண்டிகளின் அருகில் காத்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்குச் சற்று முன்பு, வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று வாயிலுக்கு வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 250-க்கும் மேல். இறந்தவர்களில் அயல்நாட்டினர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. செக் குடியரசின் தூதர் இவோ ஸ்தாரெக் அவர்களில் ஒருவர்; அமெரிக்கப் படையைச் சேர்ந்த இருவரும் இறந்தார்கள். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பாகிஸ்தானியர்: வாயிற்காவலர்கள், ஹோட்டல் ஊழியர்கள், வெளியே காத்திருந்த ஓட்டுநர்கள், வழியே போனவர்கள். ஹோட்டலின் உரிமையாளரும் பாகிஸ்தான் தொழிலதிபர் சத்ருதீன் ஹஷ்வானிதான். மாரியட் என்ற பெயர் மட்டுமே அமெரிக்காவிலிருந்து வந்தது. அமெரிக்காவைத் தாக்கப் புறப்பட்டதாகச் சொன்னவர்கள், அன்று பகல் முழுவதும் நோன்பிருந்து, திறந்த கையோடு வேலைக்குத் திரும்பிய மனிதர்களைக் கொன்றார்கள்.

இனி, "தடுக்க முடியவில்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி அதுதான்.

அந்த வாயிலில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் பதிவைப் பாகிஸ்தான் அரசு பின்னர் வெளியிட்டது. லாரி வேகமாக வந்து வாயில் தடுப்பில் மோதுகிறது. அதற்கு மேல் நகர முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. ஓட்டுநர் இருக்கைப் பகுதியில் சிறிதாக ஏதோ வெடித்துத் தீப்பிடிக்கிறது. காவலர்கள் சிதறி ஓடுகிறார்கள். பிறகு திரும்பி வருகிறார்கள். ஒருவர் தீயணைப்பானை எடுத்துவந்து எரிகிற லாரியின் மீது அடிக்கிறார், தீ அடங்கவில்லை. அப்படியே சில நிமிடங்கள் கழிகின்றன. அதன் பிறகு பதிவு நின்றுவிடுகிறது.

அந்தச் சில நிமிடங்களைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓடியவர்கள் ஓடியபடியே போயிருக்கலாம். அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த லாரிக்குள் என்ன இருந்தது என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தடுப்பை இடித்துக்கொண்டு வந்து தீப்பற்றி நிற்கும் லாரி நல்லதற்கு வரவில்லை என்பது, அந்த வாயிலில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஏனென்றால், அதற்கு இருபது மாதங்களுக்கு முன், 2007 ஜனவரி 26 அன்று, அதே ஹோட்டலின் பக்கவாட்டு வாயிலில் உள்ளே நுழைய முயன்ற தற்கொலைத் தாக்குதலாளி ஒருவனைக் காவலர் ஒருவர் தடுத்து நிறுத்தினார். குண்டு வெடித்து அவனோடு அந்தக் காவலரும் இறந்தார். அன்று மாலை அந்த ஹோட்டலில்தான் இந்தியத் தூதரகத்தின் குடியரசு நாள் விருந்து நடப்பதாக இருந்தது என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. தம்மோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி இறந்த இடத்தில்தான், 2008-இல் அந்தக் காவலர்கள் தீயணைப்பானோடு திரும்பி வந்தார்கள்.

லாரியில் ஏறத்தாழ 600 கிலோ வெடிமருந்து இருந்ததாக விசாரணை அதிகாரிகள் கூறினார்கள். தீயை மூட்டிப் பெருக்குவதற்காக அலுமினியத் தூளும் அதனுடன் கலக்கப்பட்டிருந்தது. ஹோட்டல் இரவெல்லாம் எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வாயிலில் ஏற்பட்ட பள்ளம் சுமார் 60 அடி அகலமும் 20 அடிக்கும் மேற்பட்ட ஆழமும் கொண்டது. அந்த லாரி தடுப்பைத் தாண்டி முகப்பு மண்டபத்தின் வாசலுக்குப் போயிருந்தால், உள்ளே உணவருந்திக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தடுக்க முடியவில்லை என்பது தவறு. தடுத்தார்கள், தடுத்த இடத்திலேயே இறந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் பலர் அந்தத் தடுப்புக்கு உள்ளே இருந்தவர்கள்.

இது இஸ்லாமாபாத்தில் மட்டும் நடந்ததன்று. 2003 ஆகஸ்ட் 5 அன்று ஜகார்த்தா மாரியட் ஹோட்டலின் முன் கார் குண்டு வெடித்து இறந்த பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள். அவர்களில் வாடகைக் கார் ஓட்டுநர்களும் காவலர்களும் இருந்தார்கள். 2005 நவம்பர் 9 அன்று ஜோர்தானின் அம்மான் நகரில் மூன்று ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. ராடிசன் ஹோட்டலில் நடந்துகொண்டிருந்தது ஒரு கல்யாணம். மணமக்கள் இருவரும் அந்த இரவில் தந்தையரை இழந்தார்கள்.

ஏழைகளுக்கு ஒரு துக்கம், ஹோட்டலுக்கு ஒரு துக்கம் என்று நீங்கள் பிரிப்பதைக் கொலைகாரர்களே பிரித்துப் பார்ப்பதில்லை என்பதற்கு, நம் மொழி பேசும் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பெரி ஆகிய மூன்று ஹோட்டல்களிலும் காலை உணவு வேளையில் குண்டுகளை வெடித்த அதே கும்பல், அதே காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தையும் நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டி தேவாலயத்தையும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தையும் தாக்கியது. ஹோட்டல்களுக்குள் அவர்கள் விருந்தினர்களாகவே நுழைந்தார்கள். அப்படி வருகிறவனை வாயிற்காவலர் எவராலும் அடையாளம் காண முடியாது. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4 முதலே வந்துகொண்டிருந்த எச்சரிக்கைகளைப் படித்தவர்கள் கவனித்திருந்தால் மட்டுமே அதைத் தடுத்திருக்க முடியும். கவனிக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் மட்டக்களப்பில் நடந்தது வேறு. முதுகில் பையோடு வந்த அந்நியனைப் பார்த்துச் சந்தேகப்பட்ட சபையினர் ஒருவர், அவனை உள்ளே விடாமல் வெளியே நிறுத்தினார். குண்டு வெளியில் வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்றிருந்த பிள்ளைகள் பலர் இறந்தார்கள்; அவரும் இறந்தார்; உள்ளே ஆராதனைக்குக் கூடியிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். அவர் சம்பளத்துக்கு நின்ற காவலர் அல்லர். இருந்தும் இஸ்லாமாபாத் காவலர் செய்ததையே செய்தார். இவர்களில் ஒருவருக்காக வருந்தி, மற்றவர் ஹோட்டல் வாயிலில் நின்றார் என்பதற்காக வருந்தாமல் இருக்க என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்றே நம்புகிறேன்.

இப்போது நீங்கள் சொன்ன குறைக்கு வருகிறேன். மாரியட் குண்டுவெடிப்புக்குச் சரியாக முப்பது நாள் முன்பு, 2008 ஆகஸ்ட் 21 அன்று, இஸ்லாமாபாத்துக்கு அருகிலுள்ள வாஹ் நகரில் பாகிஸ்தான் ஆயுதத் தொழிற்சாலையின் வாயில்களில் இரண்டு தற்கொலைத் தாக்குதல்கள் நடந்தன. ஷிஃப்ட் முடிந்து தொழிலாளர்கள் கூட்டமாக வெளியே வரும் நேரம் பார்த்து வெடித்தார்கள். இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். ஏறத்தாழ எல்லாருமே தொழிலாளர்கள். எண்ணிக்கையில் மாரியட்டுக்குச் சற்றும் குறையாத அந்தச் சாவுகளைப் பற்றி, உலகப் பத்திரிகைகள் எழுதியது மாரியட்டைப் பற்றி எழுதியதில் ஒரு சிறு பங்குதான். எங்கள் இதழும் அதைத்தான் செய்தது. சென்ற இதழின் இரண்டு பக்கங்களில் வாஹ் என்ற பெயரே வரவில்லை. அதுமட்டுமன்று: செக் தூதரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அந்தக் கட்டுரை, வாயிலில் இறந்தவர்களைக் "காவலர்கள் சிலர்" என்ற இரண்டே சொற்களில் கடந்து போயிருக்கிறது. நீங்கள் இறந்தவர்களை எல்லாம் செல்வந்தர்கள் என்று எண்ணியதற்கு எங்கள் எழுத்தும் காரணம். அந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பியவன் நான், தவறு என்னுடையது.

வரும் ஆகஸ்டு இதழில் வாஹ் தொழிற்சாலை வாயிலைப் பற்றி அதே இரண்டு பக்கங்கள் வரும்.

— ஆசிரியர்