இரண்டு வரி வேடம்

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு 23 வயது. வலிகாமம் பக்கம் ஊர். அப்பா தோட்டம் செய்கிறார். நான் உயர்தரம் முடித்துவிட்டு யாழ்ப்பாணம் டவுனில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். சின்ன வயதிலிருந்தே நடிகனாக வேண்டும் என்பதுதான் ஆசை. மூன்று குறும்படங்களில் நடித்திருக்கிறேன். டிக்டொக்கில் 11 ஆயிரம் பேர் என்னைப் பார்க்கிறார்கள். சென்னையில் இருக்கும் ஒருவர் வட்ஸ்அப்பில் கதைத்தார். நான்கு லட்சம் ரூபா கட்டினால் நல்ல போட்டோக்கள் எடுத்து, ஒரு மாதம் பயிற்சி தந்து, படத்தில் வேடமும் வாங்கித் தருவாராம். அம்மா தன் தாலிக்கொடியை அடைவு வைக்கச் சம்மதித்துவிட்டா. அப்பாவுக்கு நடிப்பென்றாலே பிடிக்காது. 'உதில சோறு வராது' என்பார். ஆனால் போன பங்குனித் திங்களுக்குக் கோயிலில் அரிச்சந்திர மயான காண்டம் நாடகம் போட்டபோது, ஆள் போதவில்லையென்று அவரே என்னைச் சேவகனாக நிற்கச் சொன்னார். இரண்டே இரண்டு வரி. பெடியங்கள் வீடியோ எடுத்துப் போட்டால் மானம் போய்விடும் என்று நான் மாட்டேன் என்றுவிட்டேன். கடைசியில் அப்பாவே அந்த வேடத்தைக் கட்டினார். அதை விடுங்கள். அல்லைப்பிட்டி ஷோபாசக்தி கான் படவிழா வரை போகவில்லையா? நான் சென்னைக்குப் போகலாமா? இல்லையென்றால் இங்கே வாய்ப்புகளை எப்படித் தேடுவது?

பதில்:

தம்பி, 'அதை விடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் விடப்போவதில்லை. அதற்கு முன் சென்னைக் கதையை முடித்துவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

நடிக்க ஆள் எடுக்கிறவர் நடிகனுக்குக் காசு கொடுப்பார், வாங்கமாட்டார். போட்டோவுக்கு, பயிற்சிக்கு, பதிவுக்கு, சங்க அட்டைக்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏஜென்சி வேலைதான். கனடா, லண்டன் என்று சொன்னவர்களை நம்பிக் காணி விற்று, தோடு விற்றுக் கட்டிவிட்டு நடுவழியில் நின்ற பிள்ளைகளை இந்த ஊர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறது! அதே ஆட்கள்தான் இப்போது சினிமாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பலாலியில் ஏறினால் சென்னை கிட்டத்தான், உண்மை. ஆனால் சுற்றுலா விசாவில் போய் அங்கே சம்பளத்துக்கு நடிக்கச் சட்டம் இடம் தராது. அதை அந்த மனிதர் உங்களுக்குச் சொன்னாரா? அம்மாவின் கொடி அவவின் கழுத்தில் இருக்கட்டும். பிள்ளை ஆசைப்பட்டால் கழற்றிக் கொடுக்காத தாய் இங்கே இல்லை. அதனால்தான் அதைக் கேட்கவே கூடாது.

ஷோபாசக்தியைச் சொல்கிறீர்கள். 2015இல் கானில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' படத்தில் அவர் நடித்தபோது, பிரான்சுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிடைத்த வேலையெல்லாம் செய்து, கதையும் நாவலும் எழுதி, நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த எழுத்தாளராக ஆன பிறகு வந்த வேடம் அது. நீங்கள் அந்த இருபது வருடத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன்.

நடிப்பென்றாலே பிடிக்காத மனிதர் என்று எழுதிவிட்டு, அந்த மை காய முன்னரே அவர் உங்களை வேடம் கட்டக் கூப்பிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே தட்டவில்லையா? ஆள் போதவில்லையென்றால் நாடகம் பழக்குகிற அண்ணாவியார் ஊரில் எத்தனையோ படலையைத் தட்டலாம். அங்கே உங்கள் பெயரைச் சொன்னவர் யார்? 'என்ரை பெடியன் நிப்பான்' என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தவர் யார்? நடிப்பு நடிப்பு என்று திரிகிற மகனுக்கு, தோட்டம் செய்கிற ஒரு மனிதரால் வாங்கிக் கொடுக்க முடிந்த மேடை அதுதான். ஒரு சதம் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தார். நீங்கள் மானம் போகும் என்று திருப்பிக் கொடுத்தீர்கள்.

அதற்காக அவர் உங்களோடு சண்டை பிடித்ததாகக் கடிதத்தில் இல்லை. பேசாமல் போய்த் தன் முகத்தில் பூசிக்கொண்டு நின்றிருக்கிறார். என்ன கதையில்? சொன்ன சொல்லுக்காக நாட்டை விட்டு, மனைவியை விற்று, சுடலை காத்தவனின் கதையில். மேடையில் அரிச்சந்திரன் வாக்கைக் காப்பாற்றிப் பாடிக்கொண்டிருக்க, மகன் உடைத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக ஒரு தகப்பன் ஓரத்தில் சேவக உடுப்போடு நின்றிருக்கிறார். அந்த இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கோயிலடியில் இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். ஆகவே நீங்கள் போகவில்லை.

இன்னொன்றும் எனக்குப் படுகிறது. முன்பின் மேடை ஏறாத ஒருவரை அண்ணாவியார் கடைசி நேரத்தில் இசை நாடகத்துக்குள் விடமாட்டார். இரண்டு வரிதான் என்றாலும் ஆர்மோனியத்தின் சுருதியில் நிற்க வேண்டும், மிருதங்கம் விடுகிற இடத்தில் எடுக்க வேண்டும். உங்கள் அப்பா முன்னர் ஆடியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் சொல்லமாட்டார். அம்மாவைக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு மனிதரை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா சந்திரமதி கட்டியவர். அந்தக் காலத்தில் பெண் வேடமும் ஆண்கள்தான். காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்ப்பதற்காகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விடிய விடிய மணலில் இருந்த தலைமுறை அது. வைரமுத்து மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடியவர். 1989இல் அவர் போய்விட்டார். ஆனாலும் இன்றைக்கு உங்கள் கோயிலில் அந்தக் கதை நடக்கிறதென்றால் அவர் போட்ட பாதைதான்.

சித்தப்பா ஒப்பனைக்கு இருக்கும்போது நான்தான் கண்ணாடி பிடிப்பேன். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் முத்துவெள்ளையைக் குழைத்துப் பூசிக்கொண்டே அவர் முதலில் கேட்கிற கேள்வி 'இண்டைக்கு அரிச்சந்திரன் ஆர்?' என்பதல்ல. 'சேவகன் ஆர்?' என்பதுதான். பிள்ளையைக் கொன்றாள் என்ற பழியோடு சந்திரமதியைக் கயிற்றில் பிடித்து வெட்டக் கொண்டுவருகிறவன் சேவகன். ஒரு வருடம் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் வந்தான். கயிற்றைத் தொய்யவிட்டுக்கொண்டு, சனத்துக்குள் தன் கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினான். சித்தப்பா உருகி உருகிப் பாடுகிறார், சனம் சிரிக்கிறது. அடுத்த வருடம் சீவல் தொழில் செய்கிற ஒருவர் அந்த வேடத்துக்கு நின்றார். அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. 'நட' என்று சொல்லும்போது சந்திரமதியின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். கயிற்றை இறுக்கிப் பிடித்த கை மட்டும் நடுங்கியது. சித்தப்பா வாய் திறக்க முன்னரே பெண்கள் பக்கம் விம்மல் கேட்கத் தொடங்கிவிட்டது.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் அவருடைய உடுப்புப் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது வீடு இருந்தது, பெட்டி இல்லை. அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. தன் பிள்ளைகள் யாராவது மேடை என்று வாயெடுத்தால் அவர் சொல்கிற சொல் என்ன தெரியுமா? 'உதில சோறு வராது.' உங்கள் அப்பா சொன்ன அதே சொல். நடிப்பைப் பிடிக்காதவன் சொல்கிற சொல் அல்ல அது தம்பி, அனுபவித்தவன் சொல்கிற சொல்.

அது உண்மையும்கூட. 1962இல் 'சமுதாயம்' வந்த காலத்திலிருந்து நம் நாட்டில் தமிழ்ப்படம் எடுக்கிறார்கள், 1977இல் 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்திலேயே எடுத்தார்கள். இருந்தும் நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்திய ஒருவரை நான் இங்கே பார்த்ததில்லை. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி ஒரு தலைமுறைக்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்த குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். ஆகவே போன் கடை வேலையை விடாதீர்கள். சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டில் கொடுங்கள். வீட்டுக்குக் கொடுக்கிறவன் மேடைக்குப் போகிறேன் என்றால் வீடு மறிக்காது.

வாய்ப்பு எங்கே என்று கேட்டீர்கள். மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் டவுனிலேயே இருக்கிறது. தவக்காலத்தில் போடுகிற இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்துக்குப் பேர்போன இடம். அப்படி ஒரு நாடகத்துக்குப் படைவீரனாக நிற்க, கூட்டத்தில் ஒருவனாகக் கத்த எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சைவப் பிள்ளை என்று தயங்க வேண்டாம். முறையாகப் படிக்க விருப்பமென்றால் 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரத்தில் ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம் வரை போகலாம். அப்படிப் படித்தவர்கள் நம் பாடசாலைகளில் நாடக ஆசிரியர்களாக இருக்கிறார்கள். தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில் அவர்களுக்கு உதவிக்கு ஆள் கிடைத்தால் போதும் என்றிருக்கும். போய்க் கேளுங்கள்.

குறும்படம் எடுக்கிற பெடியங்களில் பலர் கலியாண வீடுகளுக்குக் கமெரா பிடித்துப் பிழைக்கிறவர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, அப்போதுதான் அவர்களுக்குக் கை சும்மா இருக்கும், கதை எடுப்பார்கள். வேடம் கேட்டுப் போகாதீர்கள். லைட் பிடிக்க, வயர் சுற்ற வருகிறேன் என்று போங்கள். மூன்று படம் நடித்த உங்களுக்கு அவர்களைத் தெரியாமலா இருக்கும்? காட்டுவதற்கு ஒரு நிமிட வீடியோ ஒன்று வைத்திருங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், முகத்துக்கு மினுக்கம் வேண்டாம், சொந்தக் குரலில், நம் பேச்சில் பேசுங்கள். மற்றவன் குரலுக்கு வாயசைத்ததை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தாலும் ஒரு இயக்குநருக்கு அதில் எடுக்க ஒன்றுமில்லை.

இன்னும் சின்ன வேடம் மனதை உறுத்தினால், கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். கதாநாயகன் ஒரு பஸ் கொண்டக்டர். பாலச்சந்திரன் தனியொரு ஆளாக நின்று, குரலை மட்டும் வைத்து முழுப் பஸ்ஸையும் கண்முன்னே கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் எல்லாரும்தான் அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கினோம். கொண்டக்டரை நின்று பார்த்தவர் அவர்.

நீங்கள் போன் கடையில் நாள் முழுக்க எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்! வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய போனைத் திறக்கத் தெரியாமல் கொண்டுவருகிற ஆச்சி, தவணைக் காசு கட்டப் பிந்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவர். அவர்களைப் பார்க்காமல் நீங்கள் உங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன வழி சொல்லியும் பயனில்லை.

முதலில் செய்ய வேண்டியது இன்றைக்கே, வீட்டில். அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவித் தேத்தண்ணி குடித்து முடியட்டும். மன்னிப்பு என்று தொடங்காதீர்கள், அவருக்கும் கூச்சம், உங்களுக்கும் கூச்சம். 'அப்பா, அந்தச் சேவகன்ரை பாட்டை ஒருக்கா சொல்லித் தாங்கோ' என்று மட்டும் கேளுங்கள். முதலில் 'உனக்கேன் இப்ப உது?' என்பார். எழும்பிப் போகாமல் இருங்கள். பிறகு பாடுவார். பாடும்போது அவர் கை தொடையில் தாளம் போடும், அதைக் கவனியுங்கள். அடுத்த பங்குனிக்கு ஒத்திகை தொடங்குகிறபோது அவரோடு சேர்ந்து அண்ணாவியாரிடம் போய்ப் பாய் விரிக்க, தண்ணீர் எடுத்து வைக்க நில்லுங்கள். எனக்கு என்ன வேடம் என்று வாய் திறக்க வேண்டாம், அதை அவர் சொல்லட்டும்.

அடுத்த கடிதத்தில் அந்த இரண்டு வரியையும் எழுதி அனுப்புங்கள். இந்தக் கடிதத்தில் இரண்டே வரி என்று எழுதினீர்களே தவிர, அவை என்ன வரிகள் என்று நீங்கள் எழுதவில்லை.