வாட்ஸ்அப் கிளிப்பை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்

கேள்வி: 12 வருடமாகப் பக்கத்து வீட்டோடு சாக்கடை, வேப்பமரம், காம்பவுண்டு சுவர் என்று தொல்லை. 9 நாளுக்கு முன் நள்ளிரவில் அவர் என் காரை ஆணியால் கீறியது கேமராவில் பதிவாகியிருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் மகன், அவனே அமைத்துக் கொடுத்த நாஸ் பெட்டியிலிருந்து (கேமரா பதிவுகளைச் சேமிக்கும், நெட் வழியே திறக்கக்கூடிய டிஸ்க் பெட்டி) அந்த 14 வினாடியை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போலீசில் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்கிவிட்டேன். தெரு குரூப்பிலும் போட்டேன். பெயின்ட் செலவு ரூ.35,000. தண்டனை வாங்கித் தர முடியுமா?
- வாசகர், மதுரை

பதில்: சாக்கடையும் மரமும் இந்த வழக்கில் ஒட்டாது. சுவருக்கு சர்வேயரை வைத்து அளந்து சிவில் கோர்ட்டில் தனியாகப் பாருங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: மூலப் பதிவு பெட்டியில் இன்னும் இருக்கிறதா, அதற்காகக் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய சான்றிதழில் கையெழுத்துப் போடப்போவது யார்?

4 கேமரா, ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் நாளைக்குச் சுமார் 86 ஜிபி ஆகும். 2 டிபி இடம் 23 நாளில் நிரம்பி, பழையது தானாக அழியும். ரெய்டு 1-இல் (ஒரே பதிவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அழிவது இரண்டிலும் சேர்ந்தே அழியும். சி.எஸ்.ஆர். கையில் இருக்கிறது என்று ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் வாட்ஸ்அப் கிளிப்போடு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், ஹாஷ் எண்ணும் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) மாறிவிடும். அதற்கு வாங்கும் சான்றிதழ் போனில் இருந்த நகலைத்தான் நிரூபிக்கும், கேமரா பதிவை அல்ல.

ஆகவே இன்றே மகனிடம் சொல்லி அந்தப் பதிவைத் தானாக அழியாதபடி லாக் செய்யச் சொல்லுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தை, வெட்டாமல், பெட்டி பதிந்த அதே ஃபார்மட்டில் புதிய பென்டிரைவில் எடுத்து, எஸ்எச்ஏ256 என்ற முறையில் ஹாஷ் கணக்கிட்டு எழுதி வையுங்கள். பெட்டியின் கடிகாரத்தையும் பாருங்கள். டைம்சோன் மாற்றாமல் யூடிசி-யில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) விட்டிருந்தால் இரவு 1.40 என்பது முந்தின நாள் இரவு 8.10 என்று பதிவாகியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்று போதும். வித்தியாசம் இருந்தால் திருத்துவதற்கு முன் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நகலைத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்துப் போட முன்வருவீர்கள். வேண்டாம். பாஸ்வேர்டு தெரியாத, பெட்டியைத் திறந்தே பார்க்காத உங்களைக் குறுக்கு விசாரணையில் ஐந்தாவது கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்கள். பெட்டியை நிர்வகிப்பவர் மகன், ஆகவே கையெழுத்தும் அவருடையது, சாட்சிக் கூண்டும் அவருடையது. வாய்தாவுக்கு வாய்தா பெங்களூரிலிருந்து வருவாரா என்று இப்போதே கேளுங்கள். இரண்டாம் பகுதி நிபுணருக்கு. கேமரா மாட்டிய கடைக்காரரை அங்கே நிறுத்தினால் அவர் தகுதியைத்தான் முதலில் கிழிப்பார்கள்.

போலீஸ் கேட்டால் ஒரு டிஸ்க்கை மட்டும் உருவிக் கொடுக்காதீர்கள். சாதாரண கம்ப்யூட்டரில் செருகினால் அது திறக்காது, 'காலி' என்று எழுதிவிடுவார்கள். முழுப் பெட்டியைக் கொடுங்கள், மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்குப் போலீஸ் எழுதும் பத்திரம்) சீரியல் நம்பரும் ஹாஷும் ஏறட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்தத் தெரு குரூப் பதிவுதான். பேர் போட்டுக் குற்றவாளி என்று எழுதியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 356-இன்கீழ் அவதூறு வழக்கோடு வருவார். உங்கள் கேமரா அவர் வீட்டு ஜன்னலையோ குளியலறைப் பக்கத்தையோ பிடிக்கிறது என்றால் அவர் வீட்டுப் பெண்களும் புகார் கொடுப்பார்கள், அது உங்கள் புகாரைவிடக் கனமானது. குரூப்பில் போட்டதை நீக்கிவிட்டு, கேமராவை உங்கள் வாசலோடு நிறுத்துங்கள்.

ரூ.35,000 சேதத்துக்கு நாசம் விளைவித்த குற்றத்தில் 2 வருடம்வரை தண்டனை உண்டு. நடைமுறையில் அபராதம்தான் விழும், அதற்கே வருடங்கள் ஆகும். சமரசத்துக்கு இறங்குங்கள். மூலப் பதிவு பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் அவரும் இறங்குவார். பெயின்ட் பில் தொகையை டி.டி.யாக வாங்குங்கள், எழுத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள், சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிடுங்கள். பணம் கைக்கு வரும்வரை அந்த லாக்கை எடுக்க வேண்டாம்.