மைய ஸ்விட்ச்சிலிருந்தே எல்லா ஸ்விட்ச்களையும் நிர்வகிக்கலாமா?

கேள்வி: எங்கள் கட்டடத்தின் கணினி நெட்வொர்க்கில், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு மைய ஸ்விட்ச்சும், அதனுடன் இணைந்த எட்டுத் தள ஸ்விட்ச்களும் உள்ளன. சிறு மாற்றத்துக்கும் கன்சோல் கேபிளை (கணினியை ஸ்விட்ச்சுடன் நேரடியாக இணைக்கும் கம்பி) எடுத்துக்கொண்டு தளம் தளமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. மைய ஸ்விட்ச் வழியாகவே அனைத்தையும் நிர்வகிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்டாக்கிங் முறையில் பல ஸ்விட்ச்கள் ஒரே கருவிபோல இயங்கும். ஆனால் அதற்கு ஒத்துப்போகும் மாடல்கள் வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் பழைய கிளஸ்டர் முறையில் தலைமை ஸ்விட்ச்சையும் சேர்த்து 16 கருவிகளை ஒரே ஐபி முகவரியில் ஆளலாம். உங்கள் நிலைக்கு இவ்விரண்டையும் விட, ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் தனி முகவரி கொடுத்து, மைய ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து அங்கிருந்து எஸ்எஸ்எச் (மறையாக்கத்துடன் தொலைவிலிருந்து நுழையும் முறை) மூலம் மற்றவற்றுக்குச் செல்வதையே பரிந்துரைக்கிறேன். ஸ்விட்ச்கள் எந்த நிறுவனத்தினுடையவையாக இருந்தாலும் இது பொருந்தும்.

முதலில், நிர்வாகத்துக்கென்றே ஒரு வீலேனை (ஒரே நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த பகுதி) ஒதுக்குங்கள். இயல்பாக அமைந்துள்ள 1ஆம் வீலேனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். எடுத்துக்காட்டாக, 99ஆம் வீலேனில் மைய ஸ்விட்ச்சுக்கு 10.10.99.1 என்றும், தள ஸ்விட்ச்களுக்கு 10.10.99.11 முதல் 10.10.99.18 வரை என்றும் முகவரிகளை வழங்கி, அந்த வீலேன் ஸ்விட்ச்களுக்கு இடையே பல வீலேன்களைச் சுமக்கும் எல்லா டிரங்க் இணைப்புகளிலும் அனுமதிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மைய ஸ்விட்ச்சிலிருந்து தள ஸ்விட்ச்சைப் பிங் (எட்டுகிறதா என்ற சோதனை) செய்தால் பதில் வருகிறது, வேறு சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) உள்ள உங்கள் கணினியிலிருந்து மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் தள ஸ்விட்ச்சில் டீஃபால்ட் கேட்வே (மற்ற சப்நெட்களுக்குச் செல்லும் வழியின் முகவரி) குறிக்கப்படாமல் விடுபட்டிருக்கும்.

கடவுச்சொல்லை மறையாக்கம் இல்லாமல் அனுப்பும் பழைய தொலை நுழைவு முறையான டெல்நெட்டை நிறுத்திவிட்டு, எஸ்எஸ்எச் இரண்டாம் பதிப்பை மட்டும் இயக்குங்கள். தள ஸ்விட்ச்களின் தொலை நுழைவுக்கு ஓர் அணுகல் பட்டியலை இட்டு, மைய ஸ்விட்ச்சின் முகவரியையும் நிர்வாகியின் கணினியையும் மட்டும் அதில் அனுமதியுங்கள். மைய ஸ்விட்ச் வழியாகச் செல்லும்போது, தள ஸ்விட்ச்சின் பதிவேட்டில் உங்கள் கணினியின் முகவரிக்குப் பதிலாக மைய ஸ்விட்ச்சின் முகவரியே பதிவாகும் என்பதால், ஒரே பயனர் பெயரைப் பலர் பகிர்ந்துகொண்டால் யார் என்ன மாற்றினார் என்பதைப் பின்னர் கண்டறியவே முடியாது. ஆளுக்கொரு பயனர் பெயர் கட்டாயம்.

தொலைவிலிருந்து வேலை செய்வதில் நான் மிகவும் அஞ்சுவது, நாம் உள்ளே வந்த வழியை நாமே அடைத்துவிடுவதைத்தான். ஒருமுறை சிஸ்கோ தள ஸ்விட்ச் ஒன்றின் டிரங்க் போர்ட்டில் 30ஆம் வீலேனைச் சேர்க்க முற்பட்டு, ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் வீலேன் ஆட் 30’ என்பதில் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். ஏற்கெனவே இருந்த பட்டியல் முழுவதும் நீங்கி 30 மட்டும் எஞ்சியது; நிர்வாக வீலேனும் அத்துடன் போனதால் திரை அப்படியே உறைந்து நின்றது, கன்சோல் கேபிளுடன் நேரில் செல்ல வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து, மைய ஸ்விட்ச்சுக்குச் செல்லும் மேல் இணைப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் முன்பாக, இருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு, சிஸ்கோவின் ‘ரீலோட் இன் 10’ கட்டளையை இடுகிறேன். இணைப்பு அறுந்தால், பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் மறுதொடக்கமாகிப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். அதில் இணைந்துள்ள எல்லோருக்கும் சில நிமிடங்கள் நெட்வொர்க் இருக்காது என்பதால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். மாற்றம் சரியாக இருந்தால், ‘ரீலோட் கேன்சல்’ இட்ட பிறகே சேமிக்க வேண்டும். முன்கூட்டியே சேமித்தால் பிழையும் சேர்ந்தே சேமிக்கப்பட்டுவிடும். ஜூனிப்பர் நிறுவனத்தின் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கட்டளை, மறுதொடக்கம் இல்லாமலேயே, நீங்கள் உறுதிசெய்யாத மாற்றத்தை இயல்பாக 10 நிமிடத்தில் விலக்கிவிடும்.

டிரங்க்கின் இரு முனைகளையும் மாற்ற வேண்டியிருந்தால், தள ஸ்விட்ச்சின் முனையை முதலில் மாற்றுங்கள். மைய ஸ்விட்ச்சின் முனையில் பிழை நேர்ந்தாலும் நீங்கள் அதற்குள்ளேயே இருப்பதால் உடனே திருத்திவிடலாம். மைய ஸ்விட்ச்சே செயலிழந்தால் எட்டுக்கும் வழி இல்லாமல் போகும் என்பதால், அதன் கன்சோல் போர்ட்டுக்கு மட்டுமாவது இந்த நெட்வொர்க்கைச் சாராத தனி இணைப்பு ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.