சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்குத் திருத்தம் வந்தால் எதை முதலில் வாக்கெடுப்புக்கு விடுவது?

திருத்தத்தைத்தான். ‘நூலகத்துக்கு இரண்டு கணினி வாங்கலாம்’ என்ற தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து (ஆதரித்து), தலைவர் வாசித்துவிட்டால் அது அவைக்குச் சொந்தம். கொண்டுவந்தவரே ஆனாலும் அவை அனுமதியில்லாமல் திரும்பப் பெற முடியாது.

ஒருவர் ‘இரண்டை நான்காக்குங்கள்’ என்கிறார். இதற்கும் வழிமொழிய ஆள் வேண்டும். இன்னொருவர் ‘நான்கு வேண்டாம், மூன்று’ என்றால் அது திருத்தத்துக்குத் திருத்தம். அதற்கு மேல் அடுக்கக் கூடாது. வாக்கெடுப்பு கடைசியில் வந்ததிலிருந்து பின்னோக்கிப் போகும்: முதலில் மூன்றா நான்கா, பிறகு அந்த எண் இரண்டுக்குப் பதிலாக வரலாமா, கடைசியாகக் கணினி வாங்கலாமா.

பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். திருத்தம் நிறைவேறியதும் எல்லாம் முடிந்ததாக நினைத்து அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். மாறியது வாசகம் மட்டுமே. வாங்க ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் தீர்மானத்தின் இறுதி முடிவும் இருக்க வேண்டும்.

‘பேசியது போதும், வாக்கெடுங்கள்!’ என்று யாரோ குரல் கொடுத்தாலும் தலைவர் விவாதத்தை நிறுத்திவிட முடியாது. அவர் பேச வாய்ப்புப் பெற்று, விவாதத்தை முடிக்கலாம் என்று முறையாக முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும். 30 பேர் வாக்களித்தால் 20. வாக்களிக்காமல் இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். உங்கள் சங்க விதிகள் வேறு சொன்னால், அந்த விதிகளே செல்லும்.