பத்து லட்சத்துக்கு எந்த டூரிங் பைக்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெரிய டூரிங் பைக் வாங்குவது பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதற்கு, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. பதினோரு வருடத்தில் மூன்று பைக் வாங்கி, அதில் ஒன்றைத் தப்பாக வாங்கியவன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர்: அண்ணா, பத்து லட்சம் வரை செலவு செய்யலாம். கவாசாகியின் புது நின்ஜா 650 எடுப்பதா, இல்லை அந்தக் காசுக்குள் நாலைந்து வருடம் ஓடிய நின்ஜா 1000எஸ்எக்ஸ் எடுப்பதா?

தம்பி, போன வருடம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள்? ஓட்டப்போகும் கணக்கு வேண்டாம், ஓட்டிய கணக்கைச் சொல்லுங்கள். பைக் வாங்குவதற்கு முந்தின மாதம் எல்லோருமே லடாக் போகிறவர்கள்தான்.

1000எஸ்எக்ஸ் 2020 மே மாதம் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 10.79 லட்சம். அதே மாதம் வந்த, பிஎஸ்6 மாசு விதிக்கேற்ற நின்ஜா 650இன் விலை 6.24 லட்சம். அன்றைய 1000எஸ்எக்ஸ் இன்று உங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறதென்றால், நடுவில் ஒருவர் வரியையும் தேய்மானத்தையும் நமக்காகச் சுமந்திருக்கிறார். இதுவரைக்கும் லாபம். ஆனால் பைக்கின் விலைதான் இறங்கும், பாகங்களின் விலை இறங்காது. பழைய 1000க்கும் புது 1000க்கும் டயர், செயின், பிரேக் பேடு எல்லாம் ஒரே விலைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். பைக் 7 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், ஐந்து வருடம் கழித்து 4 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். நஷ்டம் 3 லட்சம். வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 40,000. கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய். வருடம் 2,000 மட்டும் ஓட்டினால், அதே நஷ்டம் கிலோமீட்டருக்கு 30 ரூபாய். பெட்ரோல், டயர், இன்ஷூரன்ஸ் எதுவும் இன்னும் சேர்க்கவில்லை.

அப்புறம் எடை. 650 சுமார் 196 கிலோ, 68 குதிரைத்திறன். 1000எஸ்எக்ஸ் 238 கிலோ, 142 குதிரைத்திறன். நீங்கள் சேலத்துக்காரர், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் உங்களுக்குப் பக்கம். அங்கே அந்த 42 கிலோ ஒவ்வொரு வளைவிலும் தெரியும். நாற்பதாவது வளைவில் 650காரர் சிரித்துக்கொண்டிருப்பார், 1000காரர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார். அதுவே 44ஆம் எண் சாலையில் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினால் கதை தலைகீழ். நாலு சிலிண்டர் எஞ்சின் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாதித் தூக்கத்தில் ஓடும், ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பிடிக்காமலே ஒரே வேகத்தில் போக க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது, டேங்க் 19 லிட்டர். 650இல் 15 லிட்டர்தான்.

என் கருத்து: வருடம் 5,000க்குக் கீழே என்றால் 650 போதும். மிச்சக் காசில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் வாங்குங்கள். எட்டாயிரத்துக்கு மேல், அதுவும் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை என்றால் 1000. நடுவில் இருந்தால் இரண்டையும் அரை நாளாவது ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மதுரைக்காரர்: மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். ஒன்று லிட்டருக்கு 18, இன்னொன்று 23 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடம் 8,000 கிலோமீட்டருக்கு வித்தியாசம் 97 லிட்டர், அதாவது பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். நல்ல டூரிங் டயர் பின்சக்கரத்துக்கு ஒன்று வாங்கக்கூட அது பற்றாது. மைலேஜைவிட டேங்க் கொள்ளளவைப் பாருங்கள்.

ஓசூரிலிருந்து: ஜிஎஸ்டி மாறியபிறகு பெரிய பைக் வாங்குவது முட்டாள்தனமா சார்?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 40 சதவீதம். அதற்கு முன்பு செஸ் சேர்த்து 31. 350 சிசி வரை 28இலிருந்து 18 ஆகிவிட்டது. ஆக, கோடு 350இல் விழுந்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர்310 அந்தக் கோட்டுக்குக் கீழே வருகிறது. தனியாளாக, வாரக்கடைசியில் 400 கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு அது தாராளம். டேங்க் 11 லிட்டர்தான், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஆளும் இரண்டு பக்கம் பெட்டியும் வைத்துப் போகிற உத்தேசம் என்றால் வரி மிச்சம் என்று அதை வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள். இன்னொன்று: புது பைக் விலை ஏறினால் பழசு விற்பவரும் சும்மா இருக்கமாட்டார். ஒரு வருடத்துக்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் விலையை மனதில் வைத்துப் பேரம் பேசினால் போனை வைத்துவிடுவார்கள்.

கோவையிலிருந்து ஒரு ஐடிக்காரர்: டெல்லி பதிவெண் உள்ள பைக் இங்கத்திய விலையைவிட ஒன்றேகால் லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? செகண்ட் ஹேண்டில் என்னென்ன பார்க்க வேண்டும்?

என் தப்பைச் சொல்ல நேரம் வந்துவிட்டது. எட்டு வருடம் முன்பு, சந்தை விலையைவிட நிறையக் குறைவாக ஒரு 1000 சிசி பைக் வாங்கினேன். பெயர் வேண்டாம், பைக்கின் மேல் குற்றமில்லை, என் கண்ணின் மேல்தான். துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்கள். சாயங்கால வெளிச்சம், கையில் அட்வான்ஸ் காசு. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் முன் ஃபோர்க் குழாயில் விரலை வைத்து இழுத்தேன், எண்ணெய்ப் பசை வளையமாக ஒட்டியது. எண்ணெயை உள்ளே நிறுத்தும் சீல் போயிருந்தது. டயரின் வரிப்பள்ளம் தேயாமல் ஆழமாகத்தான் இருந்தது; ஆனால் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தால் ஆறு வருடத்துக்கு முந்தைய டயர். ரப்பர் கல் மாதிரி இறுகிவிட்டது. செயினைப் பின்பல்சக்கரத்தில் பிடித்து இழுத்தால் பாதிப் பல் தெரிந்தது, அதாவது செயின் தேய்ந்து நீண்டுவிட்டது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடு இடத்தில் டக்கென்று உட்கார்ந்தது, அதாவது அதன் பேரிங் தேய்ந்துவிட்டது. மூன்றே மாதத்தில் நான் மிச்சம் பிடித்த காசு போய், மேலே இருபதாயிரமும் போனது.

அதனால் காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். டயரின் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். சர்வீஸ் பில்லில் கிலோமீட்டர் வரிசையாக ஏறியிருக்கிறதா பாருங்கள். பில்லே இல்லை என்றால், அடுத்த பெரிய சர்வீஸ் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

டெல்லி வண்டியின் மலிவு பாதி மாயை. அங்கிருந்து என்ஓசி என்ற ஆட்சேபமில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும், பதிவெண் மாற்ற வேண்டும், கொண்டுவரும் செலவு வேறு. எல்லாம் கூட்டிப் பார்த்தபிறகும் ஐம்பதாயிரம் மிஞ்சினால் யோசிக்கலாம்.

திருச்சியிலிருந்து: ஃபேரிங் (முன்னும் பக்கமும் மூடும் பிளாஸ்டிக் உறை) உள்ள பைக்குக்கு இன்ஷூரன்ஸ் அதிகமா?

2022இல் நிர்ணயித்தபடி 350 சிசிக்கு மேல் மூன்றாம் நபர் பிரீமியம் வருடம் 2,804 ரூபாய், ஃபேரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிரச்சினை கிளெய்மில்தான். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். வேகமும் நெடுந்தூரமும் சேர்ந்த ஸ்போர்ட் டூரர் ரகத்தின் உடம்பே பிளாஸ்டிக். நின்ற இடத்தில் சாய்ந்தாலே பக்கப் பலகை, கண்ணாடி, இண்டிகேட்டர் என்று பில் நீளும். தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஜீரோ டெப் கிடைக்கிறவரைக்கும் எடுங்கள். கூடவே, வண்டி சாய்ந்தால் தரையில் முதலில் படும் காப்புக் கட்டையான ஃபிரேம் ஸ்லைடர் ஒன்று மாட்டிவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: இங்கே ஓடிய யமஹா எஃப்ஜேஆர்1300 ஒன்று மலிவாக வருகிறது. வண்டி வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய காலவரையுள்ள உரிமம், சிஓஇ, மூன்று வருடம்தான் பாக்கி.

உங்களுக்குக் கணக்கு எங்களைவிடச் சுலபம். கேட்கிற விலையை மிச்சமிருக்கும் 36 மாதத்தால் வகுங்கள், சிஓஇ ஏழு வருடம் பாக்கியுள்ள இன்னொரு வண்டியின் விலையை 84ஆல் வகுங்கள். மலிவாகத் தெரிவது மாதத்துக்கு எவ்வளவு என்று புரிந்துவிடும். வண்டியைப் பொறுத்தவரை செயினுக்குப் பதில் தண்டால் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ், 25 லிட்டர் டேங்க். மழையில் தாய்லாந்து வரை போய் வந்தாலும் செயினுக்கு எண்ணெய் போட வேண்டியதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

தஞ்சாவூரிலிருந்து: மனைவியும் உடன் வருவார். இதில் எந்த பைக் மதிப்பு?

அவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். என் முதல் பைக்கின் பின்சீட் தபால் உறை அகலம். சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தினேன். இறங்கியவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை உட்காரவே இல்லை, நின்றபடியே குடித்தார். "திருச்சிக்கு இங்கேருந்து பஸ் இருக்குல்ல?" என்றார். சக்தி, எஞ்சின், எலக்ட்ரானிக்ஸ் என்று நான் படித்த எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வி தள்ளிவிட்டது. கவாசாகியின் வெர்சிஸ் 650ஐப் பாருங்கள். எஞ்சின் நின்ஜா 650இன் குடும்பம்தான், ஆனால் உட்காரும் வாகு நிமிர்ந்தது, பின்சீட் அகலம், டேங்க் 21 லிட்டர். பெயரில் ஸ்போர்ட் இல்லையே என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் பின்சீட்டில் உட்காரப்போவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து: இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் விலை குறையுமா?

குறையலாம், ஏறவும் செய்யலாம். ஹோண்டா சிபி500எக்ஸ் 2021 மார்ச்சில் 6.87 லட்சத்துக்கு வந்தது. ஓராண்டுக்குள் 5.79 ஆக்கிவிட்டார்கள். முதலில் வாங்கியவர்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அடி. அப்படி வாங்கிய என் நண்பர் ஒருவர் அதற்குள் 14,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். செய்தி வந்தபோது ராமேஸ்வரத்தில் காலை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போனை நீட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.