தமிழ் ஆசிரியராக உங்கள் வேலைக்கு ஏற்ற கருவியையும் தட்டச்சு முறையையும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

மொரீசியசில் ரோஸ் ஹில் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் கோயில் வகுப்பு எடுப்பதோடு, தைப்பூசக் காவடி அறிவிப்புகளையும் கோயில் மலரையும் தட்டச்சு செய்து தருவதும் என் பொறுப்பு. கேட்டவர் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர். டேப்லெட் வாங்குவதா மடிக்கணினி வாங்குவதா, ரோமன் எழுத்து வழியாகத் தட்டச்சு செய்வதா, தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் விசைப்பலகை அமைப்பான தமிழ்99 பழகுவதா என்று தயங்குகிறார். இதே தயக்கத்தில் இருந்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் முதல் தேர்வு தவறிப்போயிற்று. உடன் பணியாற்றிய ஒருவர் பேனாவால் எழுதக்கூடிய டேப்லெட்டில் பாடக்குறிப்பு எழுதுவதைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். மூன்று மாதத்தில் அது அலமாரிக்குள் போய்விட்டது. அதன் பிறகு ஒரு வாரம் எதுவும் வாங்காமல், எந்த வேலையில் எவ்வளவு நேரம் போகிறது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். நான் காகிதத்தில்தான் யோசிக்கிறேன் என்பதும், நேரம் முழுவதும் தட்டிய தமிழைத் திருத்துவதிலேயே கரைகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

திருத்தம் ஏன் அவ்வளவு வந்தது என்பதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. ரோமன் வழி மென்பொருள்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பிரெஞ்சும் கிரியோலும் படித்து வளர்ந்த நம் விரல்களோ உகரத்துக்கு, பிரெஞ்சில் எழுதுவது போலவே, 'ஓ' (o), 'யூ' (u) என்ற இரண்டு ரோமன் எழுத்துகளையும் சேர்த்தே தட்டும். திரையில் 'ஒஉ' என்று வந்து நிற்கும். நகரத்துக்கு 'டபிள்யூ', ணகரத்துக்குப் பெரிய 'என்', ழகரத்துக்கு 'இசட்' என்று பல மென்பொருள்களில் இருக்கும் ஏற்பாட்டையும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், அந்த வேறுபாட்டை மறைக்கும் எழுத்துகளின் வழியாகவே நாள் முழுவதும் தமிழை அணுகுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஆகவே தமிழ்99 பழகினேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், பெரும்பாலான மெய்கள் வலக்கையிலும் இருக்கின்றன. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும். முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். 'பந்து' என்பதற்கும் ப, ந, த, உ என்று தட்டினால் நகரம் தானாகவே புள்ளி பெறும். விண்டோசின் அண்மைப் பதிப்புகளிலும் மேக்கிலும் இது உள்ளேயே வருகிறது என்பதால் செலவில்லை. முதல் இரண்டு வாரங்கள் கை மிகவும் தடுமாறியது உண்மை. பழகிய பின் திருத்தம் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் நீங்கள் கைப்பேசியில் நான்கு வரிச் செய்தி அனுப்புவதற்கு மட்டுமே தமிழ் தட்டுகிறீர்கள் என்றால் இந்த உழைப்பு தேவையில்லை. பேசினால் எழுத்தாக்கும் வசதியே போதும்.

எழுதி முடித்தது எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ஓர் ஆண்டு காவடி அழைப்பிதழை, இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே யூனிகோடு முறையில் அமையாத பழைய பாமினி எழுத்துருவும், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும்தான் இருந்தன. மெய்ப்பில் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை, மறுநாள் அச்சேற வேண்டிய நிலை. இரவு முழுவதும் உட்கார்ந்து நானே பக்கத்தை வடிவமைத்து, பிடிஎஃப் கோப்பாக அனுப்பிய பிறகுதான் வேலை முடிந்தது. அன்று முதல் அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டுமே தருகிறேன்.

கருவி என்று கேட்டால், விசைப்பலகை நன்றாக இருக்கும் நடுத்தர விலை மடிக்கணினியே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. கோப்புகளை இணையச் சேமிப்பில் மட்டும் வைக்காதீர்கள்; புயலில் இணையம் நின்றுவிட்டால் எடுக்க முடியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயி தெருக்களை வெள்ளக்காடாக்கியது நினைவிருக்கும். காவடி வேலைகள் நெருங்கும் காலமும் புயல் காலமும் ஒன்றாகவே வருவதால், மலருக்கான கோப்புகளின் படி ஒன்றை எப்போதும் பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.

டேப்லெட் வாங்குவதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அந்த நோட்டை எழுதிப் பாருங்கள். அதில் என்ன தெரிந்தது என்று இங்கே எழுதினால் மேற்கொண்டு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.