வட்டி எந்தக் கட்டிலுக்குப் போகிறது?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஃப்ரீமேசன்கள் என்ற பழைய சகோதர சங்கத்தார் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறாள். "இந்த இல்லத்துக்குப் பின்னால் பெரிய நிதி இருக்கிறது அம்மா, விருந்து வைத்தே பணம் சேர்க்கிறார்கள்" என்று போனில் சொன்னாள். இங்கே நானும் ஒரு மகளிர் சங்கத்தின் செயலாளர். எட்டுப் பேர் தங்கும் முதியோர் இல்லம் நடத்துகிறோம். மாதா மாதம் கையேந்தாமல் இருக்க, ஒரு நிரந்தர நிதி வைக்க ஆசை. அவர்கள் எப்படிச் சேர்க்கிறார்கள், சேர்த்ததை என்ன செய்கிறார்கள்?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: இங்கிலாந்தின் வடக்கே ஒரு முதியோர் இல்லத்தின் கணக்குப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மேசன்களின் இல்லம் இல்லை; அதே மாதிரி இன்னொரு சகோதர சங்கத்தின் இல்லம். அந்த அனுபவத்தில் முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

நர்ஸ் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் ஒருவருக்கு அங்கே வாரத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் செலவாகிறது. ஆண்டுக்கு 52,000 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். உங்களிடம் 10 லட்சம் பவுண்டு நிதி இருக்கிறது. முதல் கரையாமல் இருக்க ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் எடுக்கிறீர்கள். கிடைப்பது 40,000. பத்து லட்சம் பவுண்டு சேர்த்தும் ஒரு கட்டிலை ஓர் ஆண்டு நடத்த முடியவில்லை! வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நான் திகைத்துப் போயிருக்கிறேன்.

அப்படியானால் இல்லம் எப்படி ஓடுகிறது? பெரும்பகுதி, தங்கியிருப்பவர்கள் கட்டும் கட்டணத்தில்தான். இங்கிலாந்தில் ஒருவருடைய சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் கட்டணத்தை அவரே கட்ட வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் உள்ளாட்சி மன்றம் கைகொடுக்கும். ஆனால் மன்றம் தரும் தொகை பல இடங்களில் உண்மையான செலவை எட்டாது. நடுவில் ஒரு பள்ளம் விழும். நிரந்தர நிதிக்கு வேலை அந்தப் பள்ளத்தில்தான்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். கணவர் ரயில்வேயில் இருந்தவர், சங்கத்தில் நாற்பது ஆண்டு உறுப்பினர். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை என் ஜன்னலுக்கு வந்து, "என் பணம் இன்னும் எத்தனை மாதம் வரும்?" என்று கேட்பார். நான் கணக்குப் பார்த்துச் சொல்வேன். பதினொன்று. பத்து. ஒன்பது. சொல்லும்போது எனக்கு நாக்கு வறண்டுபோகும். ஆறு என்று சொன்ன மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "இனி அவரிடம் எண்ணைச் சொல்லாதே, அறை உங்களுடையது என்று மட்டும் சொல்" என்றார். அப்படி ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தைரியம் வந்தது பின்னால் நிதி இருந்ததால். அந்தப் பாட்டி மேலும் நான்கு ஆண்டுகள் அதே அறையில், அதே ஜன்னலோரத்தில் இருந்தார். மன்றம் கொடுத்தது போக மீதியை நிதியின் வருமானம் கட்டியது.

சரி, மேசன்களுக்கு வருவோம். இல்லம் கட்டுவதா, வீட்டிலேயே வைத்து உதவித்தொகை கொடுப்பதா என்ற வாக்குவாதம் அவர்களிடையே மிகப் பழையது. 1830களில் ராபர்ட் குருசிபிக்ஸ் என்ற மருத்துவர், வயதான ஏழை மேசன்களுக்கு ஒரு இல்லம் கட்டியே ஆக வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். அப்போது கிராண்ட் மாஸ்டராக, அதாவது சங்கத்தின் தலைவராக இருந்த சசெக்ஸ் கோமகனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டிலேயே இருக்கட்டும், ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்தால் போதும் என்பது அவர் தரப்பு. 1842-ல் உதவித்தொகை நிதி தொடங்கியது. இல்லத்துக்கான முயற்சி தனியாக நடந்தது. கடைசியில் 1850-ல் இரண்டும் ஒன்றாகி ராயல் மேசானிக் பெனவலன்ட் இன்ஸ்டிடியூஷன் என்ற பெயரில் நின்றது. அதே ஆண்டு லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் முதல் இல்லமும் திறந்தது. குருசிபிக்ஸ் அதே 1850-ன் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார். இன்று அந்த நிறுவனத்துக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 15-க்கும் மேற்பட்ட இல்லங்கள். 2016-ல் மேசன்களின் நான்கு அறநிறுவனங்கள் ஒன்றாகி மேசானிக் சாரிட்டபிள் ஃபவுண்டேஷன் ஆனபோது, இல்லங்களும் அதன் குடையின் கீழ் வந்தன.

இனி வசூல். உங்கள் மகள் சொன்ன விருந்தை அவர்கள் 'ஃபெஸ்டிவல்' என்பார்கள். பெயரைக் கேட்டு ஒரு நாள் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தையும் வேல்ஸையும் மேசன்கள் தங்களுக்குள் மாகாணங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முறை வைத்து ஒவ்வொரு மாகாணமும் ஏதோ ஒரு காலத்தில் பொறுப்பெடுக்கும். பொறுப்பு ஏறக்குறைய ஐந்தாண்டு. அதன் முடிவில் ஒரு பெரிய விருந்து. அங்கே மேடையில் மொத்தத் தொகையை அறிவிப்பார்கள். விருந்து நடக்கும்போது பணமெல்லாம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். எனக்கு இதில் பிடித்தது அந்த முறை வைப்பதுதான். ஒரே ஊரை ஒவ்வோர் ஆண்டும் கசக்குவதில்லை. உங்கள் பங்கை முடித்துவிட்டால் பல ஆண்டுகள் மூச்சு விடலாம், அப்புறம் அடுத்த மாகாணம் தோள் கொடுக்கும்.

அந்த ஐந்தாண்டில் வேலை நடப்பது ஒவ்வொரு கிளையிலும். (கிளையை லாட்ஜ் என்பார்கள், நம் ஊர் தங்கும் விடுதி இல்லை.) அங்கே 'சாரிட்டி ஸ்டூவர்ட்' என்று ஒரு பொறுப்பாளர். உறுப்பினர் ஒவ்வொருவரையும் பார்த்து, "மாதம் இவ்வளவு, வங்கியிலிருந்து தானாகப் போகட்டும்" என்று எழுதி வாங்குவது அவர் வேலை. மாதம் 10 பவுண்டு என்றால் ஐந்தாண்டில் 600. கொடுப்பவர் வருமான வரி கட்டுபவராக இருந்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து அறநிறுவனம் வாங்கிக்கொள்ளலாம். 600 என்பது 750 ஆகும். சாப்பாட்டு மேசையில் குலுக்கல் சீட்டு, நெடுநடைப் பயணம் எல்லாமும் உண்டு. ஆனால் அவை வாசல் கோலம் மாதிரி. வீட்டைத் தாங்குவது அந்த மாதாந்தரப் பத்து பவுண்டு.

அப்புறம் பதக்கம். குறிப்பிட்ட தொகை கொடுத்தவருக்கு ஒரு சின்னப் பதக்கம் தருவார்கள். கூட்டத்துக்கு அதை அணிந்து வரலாம். இதைச் சிலர் பெருமைக்கான சமாச்சாரம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் உலகப் போரில் இறந்த மேசன்களின் நினைவாக லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் ஹால் கட்ட 1919-ல் நிதி தொடங்கியபோது, 10 கினி (கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கொடுத்தவருக்கு வெள்ளியில், 100 கினி கொடுத்தவருக்குத் தங்கத்தில் பதக்கம் கொடுத்தார்கள். கட்டடம் 1933-ல் திறந்தது. அது இல்லத்துக்கான வசூல் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்: கொடுத்தவன் நெஞ்சில் ஓர் அடையாளம் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் "இது என்ன?" என்று கேட்பான். அவன் கேட்ட பிறகு பேச்சைத் தொடங்குவது சுலபம்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட நிலையான நிதியை வளர்ப்பது உயில். இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால், பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீதம் வாரிசு வரி. அறநிறுவனத்துக்கு எழுதிய பகுதிக்கு வரி இல்லை. வரிக்கு உட்படும் சொத்தில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு எழுதினால், மிச்சத்துக்கான வரியும் 36 சதவீதமாகக் குறையும். உறுப்பினராக இருந்து, நண்பன் கடைசிக் காலத்தை அந்த இல்லத்தில் கழித்ததைப் பார்த்தவர் உயிலில் ஒரு வரி சேர்த்துவிடுவார். கேட்டு வாங்குவது கூட வேண்டியதில்லை. உங்கள் சங்கத்துக்கும் இது பொருந்தும்: இல்லத்துக்கு உறுப்பினர்களை அடிக்கடி வரவழையுங்கள். பார்த்தவர்கள்தான் எழுதுவார்கள்.

இங்கே நான் பட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் தன் உயிலில் எங்கள் இல்லத்துக்கு நல்ல தொகை எழுதினார். "லிஃப்ட் வாங்க மட்டும்" என்று எழுதிவிட்டார். அவர் உயில் எழுதியபோது லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. அவர் இறந்தபோது புது லிஃப்ட் வந்து மூன்றாண்டு ஆகிவிட்டது. அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. கூரை ஒழுகி, மாடியில் நான்கு அறைகளில் வாளி வைத்திருந்தோம்; வங்கியில் பணம் சும்மா கிடந்தது. நோக்கத்தை மாற்ற முறைப்படி அனுமதி வாங்கி முடிக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அதனால் நன்கொடைப் படிவத்திலேயே "இந்த நோக்கம் நிறைவேறிவிட்டால் இல்லத்தின் பொதுத் தேவைக்கு" என்ற வரியை அச்சடித்து வையுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன் என்று கூடச் சொல்வேன்.

முதலைத் தொடாமல் விளைச்சலில் அறம் நடத்துவது நமக்குப் புதிதில்லை. கோயில் கட்டளை வேறென்ன? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு வைத்து, இடையர்களிடம் ஒப்படைத்து, தினமும் உழக்கு நெய் வாங்கியிருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்படையாது, செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து எண்ணிக்கை நிற்கும். நிரந்தர நிதிக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கவனியுங்கள், அவர்கள் முதலில் விளக்கைத் தீர்மானித்தார்கள், பிறகுதான் ஆட்டை எண்ணினார்கள்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எட்டுப் பேருக்கும் நிதி என்று கிளம்பாதீர்கள், மலைத்துப் போவீர்கள். பணம் கட்ட முடியாமல் போகும் ஒருவருக்கு, ஒரு கட்டிலுக்கு, மாதம் எவ்வளவு குறைகிறது என்று கணக்கெடுங்கள். 4,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 48,000. விலைவாசி ஏற்றத்துக்குக் கொஞ்சம் வட்டியை முதலோடு சேர்த்துவிட்டு 4 சதவீதம்தான் எடுப்பது என்று வைத்தால், 12 லட்சம் வேண்டும். மாதம் 200 ரூபாய் கொடுக்கும் நூறு பேர் இருந்தால் ஐந்தாண்டில் முடியும். வங்கியில் தனிக் கணக்கு; முதலை எடுக்க வேண்டுமென்றால் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு வாக்கு என்று விதியில் எழுதுங்கள். இது மூலதனத்துக்கான நன்கொடை என்று கொடுப்பவரே எழுத்தில் குறிப்பிட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் வருமான வரிக் கணக்கில் அது சாதாரண வரவாகிவிடும். இதை உங்கள் ஆடிட்டரிடம் முதல் மாதமே பேசிவிடுங்கள்.

கேள்வி: அந்த இல்லங்களில் மேசன்கள் மட்டும்தான் தங்கலாமா? இந்தியர்கள் இந்தச் சங்கத்தில் உண்டா?
அதே வாசகி

பதில்: முதலில் உறுப்பினர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் என்றுதான் தொடங்கியது. இப்போது வெளியாரையும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: முழுக் கட்டணம் கட்டுபவர்கள் சிலர் இருந்தால்தான் கட்ட முடியாதவரை வைத்துக்கொள்ள முடியும்.

இந்தியர்கள் உண்டு. உங்கள் ஊரிலேயே தொடங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? ஆற்காடு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில்தான் மேசனாகச் சேர்ந்தார். இந்தியர்களில் முதல்வர் அவர் என்பார்கள். 1961-ல் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ், அதாவது கிளைகளுக்கெல்லாம் தலைமை அமைப்பு, வந்தது. சென்னை எழும்பூரில் 1925-ல் திறந்த ஃப்ரீமேசன்ஸ் ஹால் இன்றும் இருக்கிறது; மகள் விடுமுறைக்கு வரும்போது வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

கேள்வி: நிதியைப் பங்குச் சந்தையில் போடலாமா? எங்கள் பொருளாளர் ஆசைப்படுகிறார்.
அதே வாசகி

பதில்: இங்கிலாந்து இல்லங்களின் நிதிகள் போடுகின்றன; அங்கே சட்டம் இடம் தருகிறது, ஆலோசனை கேட்டும் பல இடங்களில் பிரித்தும் போட வேண்டும் என்று சொல்லியும் இருக்கிறது. இங்கே அறக்கட்டளைப் பணத்தை எங்கே போடலாம் என்று வருமான வரிச் சட்டமே பட்டியல் கொடுத்திருக்கிறது. அதற்கு வெளியே போனால் வரிச் சலுகை போய்விடும். வைப்புநிதியிலேயே இருக்கட்டும். உங்கள் பொருளாளரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் எனக்குக் கடிதம் எழுதட்டும்.